தொழிற்பகுதிச் சிறு நிறுவனத்துக்கு ஒரு நல்ல இணையதளம்

இணையதளத்தின் தரம் அதைத் தேடி வருபவரின் கைப்பேசியில் தெரிந்துவிடும். மணவாள நகர், காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்கள் என்று திருவள்ளூர் மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கும் பட்டறைகள், உதிரிபாகம் செய்பவர்கள், பயிற்சி நிலையங்கள், மனை விற்பவர்கள், உணவகங்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இங்குள்ள தளங்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஷிப்ட் முடிந்து ரயிலுக்கோ பேருந்துக்கோ நிற்கும் நேரத்தில், வெயிலில், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள். வடிவமைப்பாளர்கள் அனுபவத்தில் கற்கும் பாடங்கள் பெரும்பாலும் இந்த ஒரு உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் திரையில் என்ன வேண்டும்

சிறு நிறுவனத்தின் தளத்துக்கு வருபவர் நான்கைந்து கேள்விகளோடுதான் வருகிறார். என்ன செய்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எப்போது திறந்திருக்கும், யாரிடம் பேசுவது, விலை என்ன அல்லது சம்பளம் என்ன. இவற்றுக்கான பதில் விரலால் தள்ளாமலே முதல் திரையில் கிடைக்க வேண்டும். தளங்கள் பலவற்றில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை ‘தங்கள் வரவு நல்வரவாகுக’ என்ற வாசகமும், தானாக நகரும் படங்களும், படிக்கத் தொடங்கும் முன்பே மேலே வந்து விழும் அறிவிப்புப் பெட்டியும்தான். படம் நகர்வதற்குள் அதிலுள்ள வாசகத்தைப் படித்து முடிப்பவர் குறைவு. நிறுவனத்தின் பெருமையை ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் விரிவாகச் சொல்லலாம். முதல் பக்கம் வாடிக்கையாளருக்கு உரியது.

தொலைபேசி எண்ணைத் தொட்டதும் அழைப்பு போக வேண்டும். விளம்பரத் தாளைப் படம் பிடித்து அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டால் எண் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தொட்டால் வேலை செய்யாது. பார்ப்பவர் அதை மனப்பாடம் செய்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். வாட்ஸ்அப் எண் தனியாக இருந்தால் அதையும் அதே போலத் தொட்டுத் திறக்கும்படி கொடுக்கலாம். பொத்தான்கள் விரலுக்கு ஏற்ற அளவில் இருப்பதும் முக்கியம். 2023-இல் வந்த வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறையின் 2.2ஆம் பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் அதன் இரட்டிப்பான 48ஐப் பரிந்துரைக்கிறது.

முகவரி எழுதும் முறை

‘திருவள்ளூர் மாவட்டம்’ என்று மட்டும் முடியும் முகவரி இந்தப் பகுதியில் ஆளை அலைக்கழிக்கும். திருவள்ளூர் ரயில் நிலையம் சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி நிலையம் கூடூர் செல்லும் வடக்குப் பாதையில் இருக்கிறது. இரண்டும் ஒரே மாவட்டம், ஆனால் வேறு வேறு தடம். நேர்காணலுக்கு வரும் வெளியூர் இளைஞர் மாவட்டப் பெயரைப் பார்த்துத் திருவள்ளூரில் இறங்கிவிட்டால் அன்றைய பொழுது போய்விடும். எனவே எந்த ரயில் நிலையம், எந்தப் பேருந்து நிறுத்தம், அங்கிருந்து எவ்வளவு தூரம், எந்த வாயில் என்று எழுத வேண்டும். வரைபட இணைப்பு இதற்குத் துணைதான். வளாகத்துக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் எழுத்தில் உள்ள வழியே கைகொடுக்கும்.

தமிழ் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவைக் கேட்டது. அதை இறக்கி நிறுவாவிட்டால் பக்கம் முழுக்கக் குறிகளாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஒழுங்கு தேடியது. பின்னர் யூனிகோடு பரவியதும் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

ஆனாலும் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நிறுவனத்தின் துண்டறிக்கை அங்கே தயாராகிறது. அதே கோப்பிலிருந்து வாசகத்தை எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறும். சிதறாமல் இருக்கப் படமாக ஏற்றிவிடுகிறார்கள். படத்தில் உள்ள தமிழை மறுபடி எடுத்து ஒட்ட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், தேடுபொறி அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பழைய எழுத்துருவை யூனிகோடாக்கித் தந்துவிடும். மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தால் போதும்.

பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடுவதும் தவறக் கூடாதது. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் தமிழ்க் குரலுக்கு மாறுகின்றன.

எழுத்தின் அளவு, வரி இடைவெளி, நிறம்

ஆங்கிலத்துக்கு அமைத்த வார்ப்புருவில் தமிழைக் கொட்டினால் வரிகள் நெருக்கியடிக்கும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால் தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். எழுத்தளவில் 1.6 மடங்கு முதல் 1.8 மடங்கு வரை வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்துவதில்லை. மிகத் தடித்த எழுத்தில் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தளத்துக்கு இவற்றில் ஒன்று, இரண்டு தடிமன்களில் இருந்தால் போதும்.

ஆங்கிலத்தில் சிறிய சொல்லாக இருப்பது தமிழில் நீளும். ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்ற வாசகம் ஆங்கிலப் பொத்தானுக்குள் அடங்காமல் வெளியே தொங்கும். ‘அனுப்பு’ என்றால் அடங்கும், பொருளும் தெளிவு. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அறைக்குள் அழகாகத் தெரியலாம், வெயிலில் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது மேற்சொன்ன நெறிமுறையின் அளவு. இதைச் சரிபார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன.

வேகம்

யூனிகோடு தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆயிரம் சொல் கட்டுரை ஏறக்குறைய 30 கிலோபைட். போனில் எடுத்து அப்படியே ஏற்றிய ஒரு புகைப்படம் அதைப் போல நூறு மடங்கு இருக்கும். தளம் மெதுவாகத் திறப்பதற்குத் தமிழ் காரணமில்லை, சுருக்காத படங்களே காரணம். முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் அளவுகோல் வைத்திருக்கிறது. இயந்திரங்களின் படங்களை ஏற்றும் முன் திரையின் அகலத்துக்குக் குறைத்துச் சுருக்கினாலே பல தளங்கள் அந்த அளவுக்குள் வந்துவிடும்.

படிவங்களும் தமிழ்ப் பெயர்களும்

வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் கட்டாயமாக இருக்கும். ச. முருகன் என்பவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இரண்டாவது கட்டத்தில் ‘ச’ என்று போட்டால் ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று படிவம் மறுக்கும். அப்பா பெயரைப் போட்டால் ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாது. ‘முழுப் பெயர், முன்னெழுத்துடன்’ என்று ஒரே கட்டம் வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பெயரைத் தமிழில் எழுதினால் இன்னொரு தடை வருகிறது. ‘எழுத்துகள் மட்டும்’ என்று நிரலில் கட்டுப்பாடு போட்டால் பெயரே மறுக்கப்படும். புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோடில் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘குறி’ வகையில் இருப்பதே காரணம். இத்தனை எழுத்துக்கு மேல் வெட்டிவிடு என்ற கட்டளையும் இப்படித்தான். ‘திருவள்ளூர்’ என்பதில் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொரு குறி. பத்தில் வெட்டினால் ‘திருவள்ளூர’ என்று புள்ளி இழந்து நிற்கும். படிவம் எழுதுபவர் ஒரு தமிழ்ப் பெயரையாவது உள்ளிட்டுப் பார்த்தால் இவை அன்றைக்கே பிடிபட்டுவிடும்.

தேடலில் அகப்படுதல்

இதே ‘திருவள்ளூர்’ இணைய முகவரியில் வந்தால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல சமயம் விழுக்காட்டுக் குறிகளாக மாறும். ஒரு குறிக்கு ஒன்பது இடம், ஆக மொத்தம் 99 இடம். தலைப்பு முழுவதையும் தமிழில் முகவரியாக்கினால் அது பல வரிகளுக்கு நீளும், வாசிப்பவர் அதைச் சந்தேகமாகப் பார்ப்பார். தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும், பக்க முகவரி மட்டும் சுருக்கமான ஆங்கில எழுத்தில் இருப்பது நடைமுறைக்கு நல்லது.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இல்லை. திருவள்ளூரை ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள், கும்மிடிப்பூண்டிக்கும் இரண்டு மூன்று வடிவங்கள் உண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது, அதே மாதம் அது திரும்பப் பெறப்பட்டது. எனவே தொடர்புப் பக்கத்தில் தமிழிலும், புழக்கத்தில் உள்ள ஆங்கில வடிவங்களிலும் ஊர்ப் பெயரை இயல்பாக ஒருமுறை குறிப்பிட்டால் தேடுபவர் எப்படி எழுதினாலும் தளம் அகப்படும்.

வலைப்பதிவு எழுதுவது

நிறுவனத்தின் வலைப்பதிவில் பண்டிகை வாழ்த்துகள் மட்டும் இருந்தால் யாருக்கும் பயனில்லை. தொலைபேசியில் வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளே நல்ல தலைப்புகள். எந்த வேலைக்கு எந்த உருக்கு, ஐடிஐ முடித்தவருக்கு என்ன வேலை கிடைக்கும், மனை வாங்கும் முன் டிடிசிபி அனுமதியை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுதலாம். பதிவில் தேதி இருக்க வேண்டும். விலையும் விதியும் மாறும்போது பழைய பதிவைத் திருத்தி, திருத்திய தேதியையும் போட வேண்டும்.

எழுதுவதைச் சமூக ஊடகத்தில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. ஜியோசிட்டீஸ் 2009-இலும் கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பட்டன, அவற்றிலிருந்த பக்கங்களும் போயின. மூலப்பிரதி சொந்தத் தளத்தில் இருக்கட்டும், மற்ற இடங்களில் பகிரலாம்.

உரிமையும் பராமரிப்பும்

தளப் பெயரை நிறுவன உரிமையாளரின் பெயரிலும் அவரது மின்னஞ்சலிலுமே பதிவு செய்ய வேண்டும். வடிவமைப்பவரின் பெயரில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் தளமும் கைவிட்டுப் போகலாம். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளத்தை 2018 ஜூலை முதல் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுகிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. தளத்தை முன்பு பார்த்திராத ஒருவரிடம், முடிந்தால் ஷிப்ட் முடிந்து வரும் ஒரு தொழிலாளியிடம், அவருடைய போனிலேயே திறக்கச் சொல்லி, ‘இவர்களுக்கு எப்படிப் போன் செய்வீர்கள், எந்த நிறுத்தத்தில் இறங்குவீர்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு, உதவி செய்யாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் தடுமாறும் இடங்கள் எல்லாம் திருத்த வேண்டிய இடங்கள். தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்.