டெம்பர்ட் கண்ணாடி தீயைத் தாங்குமா?

கேள்வி: கிளிநொச்சியில் மாடிக் கடைத்தொகுதி கட்டுகிறோம். மாடிப்படியைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பும் கதவும் போட விருப்பம். டெம்பர்ட் கண்ணாடியே போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: போதாது. டெம்பர்ட் கண்ணாடி உடைந்தால் ஆளை வெட்டாது, அவ்வளவுதான். தீயில் அது சில நிமிடங்களிலேயே பொலபொலவென்று கொட்டிவிடும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தைக் கடைகள் எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீயணைப்பு வாகனம் வரும்வரை படிக்கட்டு தாக்குப்பிடிக்க வேண்டும்.

தீத்தடுப்புக் கண்ணாடியில் ‘ஈ’ வகை தீச்சுவாலையை மறிக்கும், வெக்கையை விட்டுவிடும். அந்த வெக்கையில் படியால் இறங்க முடியாது. ‘ஈஐ’ வகையில் கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே தெளிவான ஒரு படலம் இருக்கும். சூடேறியதும் அது வெள்ளையாய் நுரைத்துப் பொங்கி வெப்பத்தை மறிக்கும். ‘ஈஐ 60’ என்றால், பரிசோதனை உலையில் 60 நிமிடம் எரிந்தும் மறுபக்கச் சூடு தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 பாகைக்கு மேல் கூடவில்லை என்று பொருள். மாடிப்படிக்கு இதையே கேளுங்கள்.

சாதாரண அலுமினியச் சட்டத்தில் இதைப் பொருத்தினால் காசு வீண். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். கண்ணாடி, சட்டம், பிணைச்சல், பூட்டு, கதவைத் தானாக மூடும் கருவி எல்லாம் ஒன்றாகச் சோதிக்கப்பட்ட அறிக்கையைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.