பழைய வேனுக்கு வலிமை கூட்டல்

ஜெர்மனியில் 1950-ஆம் ஆண்டு தோன்றிய வோல்க்ஸ்வாகன் வேனின் முதல் எஞ்சின் ஏறக்குறைய 25 குதிரைத்திறனே உடையது. 1963-இல் 1493 கன செ.மீ. கொள்ளளவுள்ள எஞ்சின் அதற்கு வாய்த்தது. அதனை இன்றும் ஓட்டுவோர், மேட்டில் வண்டி தயங்கின் உடனே பெரிய சிலிண்டர்களை நாடுகின்றனர். 83 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் நான்கையும் நீக்கி, 85.5 மி.மீ. விட்டமுள்ளவற்றைப் பொருத்தினால் கொள்ளளவு 1584 ஆகும். பெருகுவது நூற்றுக்கு ஆறே! செலவோ சிறிதன்று.

ஆதலின் இழந்த வலிமையை மீட்டலே முதற்கண் செய்யத்தக்கது. வால்வின் இடைவெளி குறுகிவிடின், அது முற்றும் மூடாது. வெந்த வாயு கசிந்து வலிமை குன்றுவதோடு வால்வின் விளிம்பும் கருகும். எஞ்சின் நன்கு ஆறியபின், ஸ்பேனர், திருப்புளி, மெல்லிய அளவுத்தகடு ஆகிய மூன்றையுங் கொண்டு இதனைத் திருத்தலாம். பிளக்குகளையும் காற்று வடிகட்டியையும் துப்புரவு செய்தல் எளிதே.

தீப்பொறி எழும் நேரத்தை அளவுக்குமேல் முந்தவைத்து விசை பெறுவாரும் உளர், அது தகாது. இவ்வெஞ்சின் காற்றாலே குளிர்வது. எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றை மறித்து நிற்றலின், மூன்றாம் சிலிண்டர் ஏனையவற்றினும் மிகச் சூடேறும். அளவு கடந்தால் முதலிற் கெடுவதும் அதுவே.

இன்னுமொன்று: 1963-ஆம் ஆண்டு வேனின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. விசை கூட்ட விழைவோர், ஆட்களை ஏற்றி மலைச்சாலையில் இறங்குமுன், பிரேக் கட்டைகளின் தேய்வையும் பிரேக் எண்ணெயின் கசிவையும் ஆராய்ந்து, கைப்பொருளை அவற்றிற்கே முதலிற் செலவிடுவாராக.