காரின் பின்புற ஸ்பொயிலரும் கதியின் வர்க்கமும்

விஞ்ஞானம் – க.பொ.த. (சாதாரண தரம்)
தொடர்புடைய பாடப் பகுதிகள்: விசையும் உராய்வும், இயக்கசக்தி, அடர்த்தி, உலோகங்கள் அரிப்படைதல்

மாணவர்களே, பாடப்புத்தகத்தில் தனித்தனி அலகுகளாகக் கற்ற விடயங்களை ஒரே வினாவில் இணைத்துக் கேட்பது பரீட்சகர்களின் வழக்கம். அத்தகைய வினாவுக்கு உங்களைத் தயார்படுத்துவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக.

வங்காலையைச் சேர்ந்த ஒருவர் ஸ்போர்ட்ஸ் செடான் வகைக் கார் ஒன்றை வைத்திருக்கிறார். அதன் டிக்கி மூடியின் மீது காபன் நாரினால் ஆன ஸ்பொயிலர் ஒன்றைப் பொருத்த விரும்புகிறார். "இதைப் பூட்டினால் கார் வீதியை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேகமாகப் போனாலும் பயமில்லை" என்று அவரது நண்பர் கூறுகிறார். நண்பரின் கூற்று சரியா? கணித்துப் பார்ப்போம்.

1. ஸ்பொயிலர் என்ன செய்கிறது?

வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008 ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. அங்கு வரும் பூநாரைகள் சிறகை விரித்துப் பறக்கும்போது சிறகு வளியைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் மறுதாக்கமாக வளி சிறகை மேல்நோக்கித் தள்ளுகிறது. இது நியூற்றனின் மூன்றாம் விதிக்கு நல்ல உதாரணமாகும்.

வேகமாக ஓடும் காரின் கூரை மீது வளைந்து செல்லும் வளியும் காரைச் சிறிதளவு மேலே தூக்க முயல்கிறது. டிக்கியின் விளிம்பில் நிற்கும் ஸ்பொயிலர் அந்த வளியோட்டத்தைக் குழப்பி, தூக்கும் விசையைக் குறைக்கிறது. கால்கள் மீது உயர்த்திப் பூட்டப்படும் இறகு வடிவ ஸ்பொயிலர், தலைகீழாக வைக்கப்பட்ட பறவைச் சிறகைப் போன்றது. அது வளியை மேல்நோக்கித் திருப்புகிறது. ஆகவே வளி அதனைக் கீழ்நோக்கி அழுத்துகிறது.

கீழ்நோக்கிய விசை கூடும்போது டயருக்கும் வீதிக்கும் இடையிலான செவ்வன் மறுதாக்கம் கூடும். செவ்வன் மறுதாக்கம் கூடும்போது எல்லை உராய்வு விசையும் கூடும். எனவே நண்பரின் கூற்று தத்துவத்தில் சரியானதே. ஆனால் எவ்வளவு கூடும் என்பதே முக்கியமான வினா.

2. கணிப்பு

வளியினால் ஏற்படும் விசை கதியின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமாகும். வளியின் அடர்த்தி, ஸ்பொயிலரின் பரப்பளவு, அதன் வடிவம் ஆகியவற்றிலும் அது தங்கியுள்ளது. மேற்படி காரின் ஸ்பொயிலருக்கு,

விசை (நியூற்றன்) = 0.06 × கதி × கதி

எனக் கொள்வோம். இங்கு கதி மீற்றர்/செக்கனில் உள்ளது. காரின் திணிவு 1500 கிலோகிராம். அதன் நிறை ஏறத்தாழ 15 000 நியூற்றன்.

கதி 10 (மணிக்கு 36 கிலோமீற்றர்) எனின் விசை 6 நியூற்றன்.
கதி 20 (மணிக்கு 72 கிலோமீற்றர்) எனின் விசை 24 நியூற்றன்.
கதி 50 (மணிக்கு 180 கிலோமீற்றர்) எனின் விசை 150 நியூற்றன்.

இலங்கையில் கார்களுக்கான வேக எல்லை குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், ஏனைய வீதிகளில் 70, அதிவேக நெடுஞ்சாலைகளில் 100 ஆகும். மணிக்கு 72 கிலோமீற்றரிற்கூட ஸ்பொயிலர் தரும் விசை 24 நியூற்றன் மட்டுமே. டிக்கியினுள் இரண்டரைக் கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்தாலும் ஏறத்தாழ அதே அளவு விசை கிடைக்கும்!

ஓட்டப்பந்தயக் கார்களின் நிலை வேறு. அவை மிக உயர்ந்த கதியில் வளைவுகளைக் கடக்கின்றன. அவற்றின் இறகுகளும் பெரியவை. அங்கு இவ்விசை மிகப் பெரிதாகும். பந்தயத்துக்காக உருவான பொருள் வீதிக்கு வரும்போது, அதன் தோற்றம் வருகிறது; பயன் அதே அளவில் வருவதில்லை.

3. நிறுத்தற் தூரம்

கார் மணிக்கு 72 கிலோமீற்றர் கதியில் வருகிறது. வீதியின் குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வருகிறது. பிரேக் பிடிக்கும்போது தொழிற்படும் சராசரி உராய்வு விசை 7500 நியூற்றன் எனக் கொள்வோம்.

இயக்கசக்தி = ½ × 1500 × 20 × 20 = 300 000 யூல்
நிறுத்தற் தூரம் = 300 000 ÷ 7500 = 40 மீற்றர்

இப்போது ஸ்பொயிலரைச் சேர்ப்போம். கீழ்நோக்கிய விசை 24 நியூற்றன் கூடுவதால் உராய்வு சுமார் 12 நியூற்றன் கூடும் எனக் கொண்டால், தூரம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் மட்டுமே குறையும். கார் வேகம் குறையும்போது அந்த 24 நியூற்றனும் குறைவதால், உண்மையில் இந்த 6 சென்ரிமீற்றரும் கிடைக்காது.

அதே சாரதி ஸ்பொயிலர் இல்லாமல், கதியை 20 இலிருந்து 18 ஆக (மணிக்கு சுமார் 65 கிலோமீற்றர்) குறைத்திருந்தால்:

இயக்கசக்தி = ½ × 1500 × 18 × 18 = 243 000 யூல்
நிறுத்தற் தூரம் = 243 000 ÷ 7500 = 32.4 மீற்றர்

குறைந்த தூரம் 7.6 மீற்றர்! இது ஒரு காரின் நீளத்தை விட அதிகம். அந்தப் பிள்ளை உயிர் தப்புவதற்கு இத்தூரம் போதுமானது.

கவனிக்க: ஸ்பொயிலரின் விசையைக் கூட்டுவதும் கதியின் வர்க்கமே, மோதலின் சக்தியைக் கூட்டுவதும் கதியின் வர்க்கமே. கதியை இருமடங்காக்கினால் இரண்டும் நான்கு மடங்காகும். ஸ்பொயிலர் நன்றாக வேலை செய்யும் கதியில், விபத்தும் மிகக் கொடியதாக இருக்கும்.

4. காபன் நார் ஏன்?

காபன் நாரை ரெசினில் தோய்த்து இறுகச் செய்து பெறப்படுவது ஒரு கூட்டுப்பொருள். நார் இழுவிசையைத் தாங்குகிறது. ரெசின் நார்களைப் பிணைத்து வடிவத்தைக் காக்கிறது. அதன் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். ஆகவே குறைந்த திணிவில் அதிக வலிமை கிடைக்கிறது.

இத்தத்துவம் வங்காலை மாணவருக்குப் புதியதன்று. கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் பைபர் படகும் இவ்வாறே ஆனது; அங்கு காபன் நாருக்குப் பதிலாகக் கண்ணாடி நார் உள்ளது. கண்ணாடி நார் காபன் நாரை விட மலிவானது. ஆனால் அதே விறைப்பைப் பெறுவதற்குக் கூடிய தடிப்புத் தேவை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 சுழலிகளின் நீண்ட அலகுகளும் நாரும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆனவையே.

5. பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

காபன் நார் காரீயத்தைப் போலவே மின்னைக் கடத்தும். உப்புக் காற்றில் உள்ள ஈரம் மின்பகுபொருளாகத் தொழிற்படும். டிக்கி மூடியின் உருக்கு அல்லது அலுமினியம் காபன் நாரை நேரடியாகத் தொட்டால் அங்கு ஒரு சிறிய மின்னிரசாயனக் கலம் உருவாகும். இலத்திரன்களை இழக்கும் உலோகம் அனோட்டாகி விரைவாக அரிப்படையும்; காபன் அரிப்படையாது. கடற்கரைக் கிராமத்தில் இது கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியது. கண்ணாடி நார் மின்னைக் கடத்தாததால் பைபர் படகில் இப்பிரச்சினை எழுவதில்லை.

எனவே பின்வரும் ஒழுங்கு கடைப்பிடிக்கப்படல் வேண்டும்.

(அ) துளையிட முன்னர் கடதாசி மாதிரியொன்றை ஒட்டி, இருபுறமும் அளந்து நடுவை உறுதி செய்தல்.
(ஆ) துளையின் விளிம்பைத் தேய்த்து, துருத்தடுப்பு வர்ணம் பூசிக் காயவிடுதல்.
(இ) உலோகமும் காபன் நாரும் தொடாதவாறு இறப்பர் வாசர் இடுதல். நீர் புகாதவாறு அடைத்தல்.
(ஈ) ஆணிகளைச் சிறிது சிறிதாக மாறி மாறி இறுக்குதல். சில நாள் ஓடியபின் மீண்டும் சோதித்தல்.
(உ) காபன் நாரில் துளையிட நேர்ந்தால் முகமூடி அணிதல். அதன் தூசு சுவாசத்துக்குத் தீங்கானது.

பொருத்துதல் பலவீனமானால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1969 ஆம் ஆண்டு ஸ்பெயின் கிராண்ட் பிரி பந்தயத்தில் இரு லோட்டஸ் கார்களின் உயரமான இறகுகள் ஓடும்போதே முறிந்தன. கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரும் விபத்துக்குள்ளாகினர். அதே மாதத்தில் உயரமான இறகுகள் தடை செய்யப்பட்டன.

6. முடிவு

ஸ்பொயிலர் பொருத்துவது தவறன்று, அழகுக்காகப் பொருத்தலாம். பாதுகாப்புக்காக எனின், அந்தப் பணத்தை முதலில் நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுவதே பொருத்தமானது. எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு கதியைக் குறைப்பதாகும். அதற்குச் செலவே இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. மேற்படி கார் 30 மீற்றர்/செக்கன் கதியில் செல்லும்போது ஸ்பொயிலர் மீதான கீழ்நோக்கிய விசையைக் காண்க.
2. கதி 10 இலிருந்து 30 ஆக அதிகரிக்கும்போது இயக்கசக்தி எத்தனை மடங்காகும்?
3. ஸ்பொயிலர் டயரின் உராய்வை அதிகரிக்கும் விதத்தை இரு படிகளில் விளக்குக.
4. இறப்பர் வாசர் அரிப்பைத் தடுப்பது எவ்வாறு?

விடைகள்

1. 0.06 × 30 × 30 = 54 நியூற்றன்.
2. 9 மடங்கு.
3. கீழ்நோக்கிய விசையால் செவ்வன் மறுதாக்கம் கூடும். அதனால் எல்லை உராய்வு விசை கூடும்.
4. உலோகத்துக்கும் காபனுக்கும் இடையிலான மின் தொடுகை துண்டிக்கப்படுவதால் உலோகத்திலிருந்து காபனுக்கு இலத்திரன் பாயாது, கலம் தொழிற்படாது.