பண்ணை நாயைப் பழக்குவது எப்படி?

ஆடு, மாடு, கோழி பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சம்பளம் இல்லாமல் ராத்திரி டியூட்டி பார்க்கும் நாயைப் பற்றிப் பேசுவது குறைவு. எங்கள் காரைக்குடிப் பக்கம் வேலியோரமெல்லாம் சீமைக்கருவை. அதற்குள்ளிருந்து பன்றி வரும், மயில் வரும். கடலை போட்டவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும். பழகிய நாய் ஒன்று இருந்தால் பாதிக் காவல் முடிந்த மாதிரி.

பழகாத நாய் என்றால் அதுவே தனித் தலைவலி. தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் போராடியதைப் படித்திருப்பீர்கள். இரவில் அவிழ்த்துவிட்ட நம் வீட்டு நாயும் அப்படியொரு கூட்டத்தில் சேரலாம். மயில் விஷயம் இன்னும் சிக்கல். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. நாய் குரைத்தாலே மயில் பறந்துவிடும், அது போதும். பிடித்துக் கடித்துவிட்டால் வம்பு நமக்கு.

ஆகவே பண்ணை நாய்க்கு வித்தை எதுவும் வேண்டாம். ‘வா’ என்றால் வர வேண்டும், ‘விடு’ என்றால் விட வேண்டும். இந்த இரண்டும் அடியால் வராது.

“நாலு போடு போட்டாத்தான் நாய்க்கு நாம எஜமான்னு தெரியும்” என்று ஊரில் சொல்வார்கள். வெளிநாட்டிலும் வெகுகாலம் இப்படித்தான் நம்பினார்கள். 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் ஸ்விட்சர்லாந்தில் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து, சண்டையிட்டு ஜெயிப்பதே தலைமை என்று எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை ஊரெங்கும் பரப்பியது. பிறகு காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பக்கத்திலிருந்து கவனித்த அதே மெக், 1999இல் அதை மறுத்தார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்; தாயும் தகப்பனும் முன்னே போக, பிள்ளைகள் பின்னே போகின்றன. நாய்க்கு நாம் காட்ட வேண்டிய தலைமையும் அதுதான், வீட்டுப் பெரியவர் தலைமை.

இதைக் கண்ணால் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். அறுப்பு முடிந்ததும் நம் வயலில் கிடை போட வரும் கீதாரியைக் கவனியுங்கள். அவர் நாய்க்குச் சங்கிலி கிடையாது. குட்டியிலிருந்தே ஆட்டோடு ஆடாகப் படுத்து வளர்கிறது. எங்கள் வயலில் கிடை போட்டவர் நாயிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் எழுந்தால் அது எழும், அவர் உட்கார்ந்தால் படுக்கும். குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை மனசு திறந்திருக்கும் காலம். அதற்குள் ஆடு, கோழி, டிராக்டர் சத்தம், வேலைக்கு வரும் ஆட்கள் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்துப் பழக வேண்டும்.

அடுத்தது பேச்சு. பெரும்பாலான வீடுகளில் குழப்பம் இங்கேதான். வீட்டம்மா “வாடா” என்பார், வேலையாள் “தோ தோ” என்பார், சென்னையிலிருந்து வரும் பேரன் “கம் ஹியர்” என்பான். நாய் யாரைத்தான் கேட்கும்? வங்கியில் கையெழுத்து மாறினால் செக் திரும்பிவிடும், கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும்! எங்கள் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, ‘வா’, ‘விடு’ என்ற இரண்டு சொல்லை மட்டும் முடிவு செய்தோம்.

‘வா’ பழக்க, சாப்பாட்டுக்கு முந்திய பசி நேரம் நல்லது. அவித்த முட்டைத் துண்டு கையில் இருக்கட்டும். பெயர் சொல்லி, ஒரே தடவை ‘வா’ சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் போங்கள். வந்த நொடியே கொடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. முதலில் முற்றம், பிறகு நீளக் கயிற்றோடு தோட்டம், கடைசியில்தான் கயிறில்லாமல். கூப்பிட்டுவைத்துத் திட்டவே கூடாது. வந்தால் அடி விழும் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட நாய் அப்புறம் எட்டியே நிற்கும்.

‘விடு’ பழக்க, துண்டை மூடிய கைக்குள் வையுங்கள். நாய் முகரும், நக்கும், பிறாண்டும். பேசாமல் இருங்கள். அது மூக்கை எடுத்த கணத்தில் ‘விடு’ சொல்லி, மறு கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். இது பதிந்தபின் கயிற்றோடு கோழிகளிடம் கூட்டிப்போகலாம். ஐந்து நிமிடம், காலையும் மாலையும் போதும். கோபமாக இருக்கிற நாளில் பாடம் வேண்டாம்.

கண்டிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோழியை நோக்கிப் பாய்ந்தால் குறுக்கே நின்று, தாழ்ந்த குரலில் ‘ம்ஹும்’ சொல்லி, அந்த இடத்தைவிட்டுக் கூட்டிப்போய்விடுவேன். அவ்வளவுதான். போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. தண்டித்துப் பழக்கிய நாய்களிடம் பதற்றம் கூடுதலாக இருந்ததாம். பதறுகிற நாய்தான் கடிக்கும்.

எந்த இனம் என்று கேட்பவர்களுக்கு: காவலுக்கு நாட்டு நாயே போதும், என் ‘மணி’யும் தெருவில் பிறந்ததுதான். சிப்பிப்பாறை ஓடுவதைத் துரத்தும் வேட்டை நாய், ‘விடு’ பதிய அதிக நாள் பிடிக்கும். வெள்ளை ராஜபாளையம் வாங்கினால் குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. அப்படிப்பட்ட குட்டிக்குக் கைச் சைகையில்தான் பாடம்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம், அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். எந்த நாய் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியமெல்லாம் இதில் வேண்டாம்.

இன்னொன்று. பன்றி வந்தால் சூக்காட்டி நாயை ஏவிவிடாதீர்கள். கோரைப்பல்லால் ஒரே இழுப்பில் வயிற்றைக் கிழித்துவிடும். ‘வா’ என்று பக்கத்தில் நிறுத்திக்கொண்டு டார்ச்சை அடியுங்கள், அது அங்கேயே நின்று குரைக்கட்டும்.