‘ஏடி’ன்னா ‘ஓகே’: டெலிபோன் லைனில் ஆபீஸ் மெயில்

எம்பெடட் லேப்ல சிம்800 மாட்யூலைத் தொட்ட எல்லாருக்கும் இது தெரியும். முதல்ல ‘ஏடி’ன்னு அனுப்பணும், ‘ஓகே’ன்னு பதில் வந்தாத்தான் மேற்கொண்டு பேச்சு. ‘அட்டென்ஷன்’ என்ற சொல்லின் முதல் ரெண்டு எழுத்துதான் அந்த ‘ஏடி’. 1981-ல் ஹேய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடம் பேசிய மொழி அது. டெலிபோன் மோடம் மேசையை விட்டுப் போய் வருஷக்கணக்காச்சு. மொழி மட்டும் நம்ம புராஜெக்ட் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கு.

அந்த மொழி என்ன வேலை செஞ்சதுன்னு பார்க்க, 1990-களின் கடைசிக்குப் போவோம். ஒருத்தர் வீட்டிலிருந்து மோடத்தில் டயல் பண்ணி ஆபீஸ் மெயில் எடுக்கிறார். ஆபீஸ்ல விண்டோஸ் என்டி 4 சர்வர், வீட்டில் விண்டோஸ் 98, நடுவுல சாதாரண டெலிபோன் லைன். இன்டர்நெட்டுக்கு இதில் வேலையே இல்லை. கால் நேரா ஆபீஸ் சர்வருக்குத்தான் போகும். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அடுக்கடுக்காகக் கட்டம் போட்டு எழுதுகிற லேயர்கள் இங்கே ஒவ்வொண்ணா, தனித்தனியா பழுதாகும். லேயர் ஏன் பிரிச்சிருக்காங்கன்னு புரிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

ஆபீஸ் பக்கம் வேலை குறைவு. சர்வரில் மோடத்தை மாட்டி, ‘ரிமோட் ஆக்சஸ் சர்வீஸ்’ என்ற ஆர்ஏஎஸ்-ஐ நிறுவி, யார் யாருக்கு டயல்-இன் அனுமதின்னு குறிக்கணும். நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடணும்னா நாலு லைன், நாலு மோடம். ஹன்டிங் வசதி வாங்கிட்டா ஒரே நம்பருக்குக் கூப்பிட்டாலும் காலியா இருக்கிற லைனுக்குக் கால் போயிடும்.

வீட்டுப் பக்கம்தான் சில்லறைத் தொந்தரவு. ‘ஏடிடிடி’ போட்டு நம்பர் கொடுத்தா டோன் முறையில் டயல் ஆகும். பழைய எக்ஸ்சேஞ்சுக்கு டோன் புரியாது. அங்கே ‘ஏடிடிபி’, அதாவது பல்ஸ். இன்டர்காம் லைன்னா வெளி லைனுக்கு 0 போட்டு, பின்னாடி ஒரு கமா. மோடத்துக்கு கமான்னா 2 விநாடி பொறு என்று அர்த்தம். இன்டர்காமின் டயல் டோன் மோடத்துக்குப் பிடிபடலைன்னா ‘டயல் டோன் இல்லை’ன்னு அடம்பிடிக்கும். ‘ஏடிஎக்ஸ்3’ கொடுத்தா டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணும். கால் வெயிட்டிங் இருந்தா முதல்ல அதை நிறுத்தணும். யாரோ கூப்பிடுற ஒரு ‘பீப்’ சத்தமே லைனை அறுத்துவிடும். பக்கத்து ரூம்ல இன்னொரு போனை யாராவது எடுத்தாலும் அதே கதிதான்.

எதிர்முனை எடுத்ததும் வரும் அந்தக் கீச்சுச் சத்தம் வெறும் இரைச்சல் இல்லை. முதலில் கேட்கும் 2100 ஹெர்ட்ஸ் ஊதல், லைனில் உள்ள எக்கோ தடுப்பானை ‘நீ விலகிக்கோ’ன்னு சொல்லுது. அப்புறம் ரெண்டு மோடமும் எந்த முறை, எந்த வேகம்னு பேரம் பேசும். கடைசியில் கேட்கும் ‘ஷ்ஷ்’ சத்தத்தில் லைனின் குணத்தை அளந்து தங்கள் ஈக்வலைசரைச் சரிபண்ணிக்கும். எல்லாம் முடிஞ்சதும் ஸ்பீக்கர் அணையும். பழகினவங்க காதாலேயே இன்னைக்கு லைன் சுமார்தான்னு சொல்லிடுவாங்க.

வேகம் எவ்வளவு? இங்கே ஷானன் வருகிறார். டெலிபோன் லைன் சுமார் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும்; அகலம் 3100. சிக்னல்-நாய்ஸ் விகிதம் 35 டெசிபெல்னு வச்சுக்கிட்டு ஃபார்முலாவில் போட்டுப் பாருங்க: விநாடிக்கு ஏறக்குறைய 36,000 பிட். வி.34 மோடம் 33,600-ல் நின்னதுக்குக் காரணம் இதுதான். அப்போ 1998-ல் வந்த வி.90 மோடத்துக்கு 56,000 எங்கிருந்து வந்தது? எக்ஸ்சேஞ்சுக்குள்ளே குரல் ஏற்கெனவே டிஜிட்டல்தான்: விநாடிக்கு 8000 சாம்பிள், ஒவ்வொண்ணும் 8 பிட். சர்வர் நேரடியா டிஜிட்டல் லைனில் மாட்டியிருந்தா, அங்கிருந்து வர்ற டேட்டா அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறவே வேண்டாம். அந்த மாற்றத்தில் சேரும் நாய்ஸும் இல்லை. ஆனா சர்வரும் சாதாரண லைனில் இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. அட்டைப்பெட்டியில் 56கே-ன்னு போட்ட மோடம் ரெண்டு முனையிலும் இருந்தாலும் 33,600-க்கு மேல் ஒரு பிட் ஏறாது. அதுக்குக் கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

மோடம் ரெண்டும் கைகுலுக்கினதும் பிபிபி ஆரம்பம். முதலில் எல்சிபி, லிங்க்கைப் பத்தின ஒப்பந்தம். அடுத்து நீ யாருன்னு விசாரணை. ‘பாப்’ முறையில் பாஸ்வேர்டு அப்படியே லைனில் போகும். ‘சாப்’ முறையில் சர்வர் ஒரு புதிர் அனுப்பும். பாஸ்வேர்டை வச்சுக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பினா போதும். அப்புறம் ஐபிசிபி மூலமா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆபீஸ் நெட்வொர்க்கின் ஐபி முகவரி கிடைக்கும்.

விசாரணை ஏன் இவ்வளவு முக்கியம்? ஃபயர்வாலுக்குப் பின்னாடி திறந்திருக்கிற கதவு இந்த மோடம். நம்பர்களை வரிசையா டயல் பண்ணி எங்கே மோடம் எடுக்குதுன்னு தேடுறவங்க இருந்தாங்க. 1983-ல் வந்த ‘வார்கேம்ஸ்’ படத்தை வச்சு அதுக்கு ‘வார் டயலிங்’னு பேரு. அதுக்கு ஆர்ஏஎஸ் தந்த ஒரு மருந்து கால்பேக். பாஸ்வேர்டு சரின்னா சர்வர் போனை வச்சுட்டு, முன்னமே பதிஞ்ச வீட்டு நம்பருக்குத் தானே கூப்பிடும். பாஸ்வேர்டைத் திருடினவன் வேற வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். கால் சார்ஜும் ஆபீஸ் தலையில் விழும் என்பது கூடுதல் சந்தோஷம்.

மெயில் வரலைன்னா

‘மெயில் வரலை’ என்பது ஒரே வாக்கியம். அடியில் மூணு விதமான வியாதி இருக்கலாம். கீழிருந்து மேலே போகணும், அவ்வளவுதான்.

விண்டோஸ் காட்டும் எண்ணைப் பாருங்க. 680 என்றால் டயல் டோன் இல்லை, வயரைப் பாருங்க. 676 என்றால் ஆபீஸ் லைன் பிஸி. 678 என்றால் எதிர்முனை எடுக்கலை. இது மூணும் மோடம் லேயர் சமாசாரம், பாஸ்வேர்டை மாத்திப் பார்க்கிறது வீண். 691 வந்தா சந்தோஷப்படுங்க: லைன் நல்லா இருக்கு, மோடம் நல்லா இருக்கு, பேரோ பாஸ்வேர்டோதான் தப்பு. 720 என்றால் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகிற புரோட்டோகால் அமையலை. டிசிபி-ஐபி போட்டிருக்கான்னு பாருங்க.

கனெக்ட் ஆகியும் மெயில் இல்லைன்னா, சர்வரின் ஐபி எண்ணுக்கு ‘பிங்’ கொடுங்க. எண்ணுக்குப் பதில் வந்து, பேருக்கு வரலைன்னா டிஎன்எஸ் கோளாறு. ரெண்டும் வந்தா, டெல்நெட்டில் அதே சர்வரின் 110-ஆம் போர்ட்டைத் தட்டுங்க. பாப்3 சர்வர் உயிரோட இருந்தா ‘+ஓகே’ன்னு தொடங்கி ஒரு வரி சொல்லும். அந்த வரி வந்துட்டா, மிச்சக் கோளாறு மெயில் மென்பொருளின் செட்டிங்கில்தான். மெயில் வருது, ஆனா போகலைன்னா எஸ்எம்டிபி-யின் 25-ஆம் போர்ட் பக்கம் போங்க.

இத்தனையும் நடக்கும்போது மீட்டர் ஓடிட்டே இருக்கு. வீட்டுக்கு வேற கால் எதுவும் வரவும் முடியாது. அதனால இதில் முதல் பழக்கம்: லைனில் இருக்கும்போது படிக்காதே, எழுதாதே. பதில்களை எல்லாம் முன்கூட்டியே எழுதி அவுட்பாக்ஸில் போட்டு, டயல் பண்ணி, அனுப்பி, வாங்கி, உடனே துண்டிக்கணும். ‘அனுப்பி வாங்கினதும் துண்டி’ன்னு அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கே உண்டு. 2 கேபி கடிதம் அரை விநாடியில் போயிடும். 1 எம்பி அட்டாச்மென்ட் கதை வேறு. மெயிலில் ஏற பேஸ்64 ஆக்கும்போது அது மூணில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும். 33,600-ல் விநாடிக்கு சுமார் 4000 பைட்தான் போகும், ஆக ஆறு நிமிஷம். மோடத்தின் வி.42பிஸ் சுருக்கம் அந்த வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஏற்கெனவே ஜிப் பண்ணின ஃபைலில் அதுக்கு மேல் பிழிய ஒண்ணும் இல்லை. அதனால பெரிய மெயிலைத் தவிர்க்கச் சொல்லும் அளவு வரம்பை வீட்டு மெஷினில் கட்டாயம் போடணும்.

இன்னொரு டிக், இதுதான் அதிகம் பேரை மாட்டிவிட்டது. பாப்3 வழக்கமா மெயிலை இறக்கினதும் சர்வரிலிருந்து அழிச்சிடும். ராத்திரி வீட்டில் அம்பது மெயிலை இறக்கிட்டா, காலையில் ஆபீஸ் மேசையில் இன்பாக்ஸ் காலி. மெயில் எல்லாம் வீட்டு ஹார்டு டிஸ்க்கில். ‘சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும்’ என்ற டிக்கை வீட்டு மெஷினில் போடணும், ஆபீஸ் மெஷினில் போடக்கூடாது. ரெண்டிலும் போட்டா ஒரு நாள் சர்வரின் மெயில்பாக்ஸ் நிரம்பி வழியும். ஆபீஸ் சர்வரில் ஐமேப் இருந்தா இந்தத் தலைவலியே இல்லை. மெயில் சர்வரிலேயே இருக்கும். தலைப்புகளை மட்டும் முதல்ல இறக்கி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கலாம்.