நெல் திசு வளர்ப்பு: ஊக்கியைக் கூட்டினால் நாற்று கூடுமா?

நெல் திசு வளர்ப்பு ஆய்வகங்களில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கைவைத்தியம் ஒன்று உண்டு. கேலஸ் (இன்னும் உருப்பெறாத செல் திரள்) வரவில்லையா, 2,4-டி என்ற வளர்ச்சி ஊக்கியைக் கூட்டு. நாற்று வரவில்லையா, கைனெடின் என்ற இன்னொரு ஊக்கியைக் கூட்டு. எதுவுமே பலிக்கவில்லையா, கொஞ்சம் இளநீர் ஊற்றிப் பார். பயிர் வெளுத்தால் யூரியா போடுகிற பழக்கத்தில் வந்த எண்ணம் இது. ஆனால் யூரியா பயிருக்கு உணவு. வளர்ச்சி ஊக்கியோ, செல் அடுத்து என்னவாக வேண்டும் என்பதைச் சொல்லும் சமிக்ஞை. சமிக்ஞையைப் பெருக்கினால் விளைச்சல் பெருகும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இது விளங்கும். உமி நீக்கிய நெல்மணியைக் கிருமிநீக்கம் செய்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி சேர்த்த ஊடகத்தில், கரு மேலே தெரியும்படி வைக்கிறோம். ஒரு வாரத்துக்குள் கருவின் ஒரு பகுதியான ஸ்கூட்டெல்லம் புடைக்கத் தொடங்கும். மூன்று நான்கு வாரங்களில் ஒரே தட்டில் இரண்டு விதமான கேலஸ் தெரியும். ஒன்று, வெளிர்மஞ்சளாக, ரவை போல மணிமணியாகப் பிரிவது. மற்றொன்று, நீர் கோத்துக் கண்ணாடித் தன்மையோடு பெரிதாக ஊதிக்கொண்டே போவது. புதிதாக வருகிறவர்கள் பெரியதைத்தான் ஆசையாக எடுத்து வைப்பார்கள். நாற்றாகக் கூடியது பெரும்பாலும் அந்தச் சின்ன மணிகள்தான். கேலஸின் எடையை வைத்து வெற்றியை அளப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறான நம்பிக்கை என்பேன்.

இன்னொன்று. கேலஸிலிருந்து குருத்து வருவதற்கு முதல் நிபந்தனை, 2,4-டி இல்லாத அல்லது மிகக் குறைந்த ஊடகத்துக்கு அதை மாற்றுவது. கேலஸின் செல்கள் கருவாக உருவெடுக்க வழிவிட்ட அதே பொருள், தொடர்ந்து இருந்தால் அந்தக் கரு முளைப்பதைத் தடுத்துவிடும். கைனெடினோ பி.ஏ.பி.யோ சேர்ப்பது அதற்கு அடுத்த படி. ஆக்சினும் (2,4-டி இந்த வகை) சைட்டோகைனினும் (கைனெடினும் பி.ஏ.பி.யும் இந்த வகை) எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதே வேரையும் குருத்தையும் தீர்மானிக்கும் என்று ஆய்வாளர்கள் ஸ்கூக்கும் மில்லரும் 1957-இல் காட்டியது புகையிலையில். அந்த விதியை அப்படியே நெல்லுக்குத் தூக்கிக்கொண்டு வருவதால்தான் பலர் கைனெடினை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நெல்லில் 2,4-டியை எப்போது எடுத்துவிடுகிறோம் என்பது அந்த விகிதத்தைப் போலவே முக்கியம்.

இளநீரைப் பற்றி நமக்குத் தனிப் பிரியம் உண்டு. அதில் பொய்யும் இல்லை. தாவரவியலாளர் வான் ஓவர்பீக் 1941-இல் ஊமத்தையின் இளங்கருக்களை வளர்க்கத் தேங்காய் நீரைப் பயன்படுத்தினார். அதில் சியாட்டின் வகைச் சைட்டோகைனின்கள் இருப்பது பின்னாளில் உறுதியானது. ஆனால் இயற்கையானது என்பதால் அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்புவது தவறு. காயின் முதிர்ச்சிக்கும் மரத்துக்கும் ஏற்ப அதன் சர்க்கரையும் ஊக்கியும் மாறும். இந்த மாதம் முளைத்தது அடுத்த மாதம் ஏன் முளைக்கவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆய்வு முடிவை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியவேண்டும் என்றால், அளவு தெரிந்த பொருளே நல்லது.

கேசீன் ஹைட்ரோலைசேட்டையும் புரோலினையும் 'குரோத் ஹார்மோன்' பட்டியலில் எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். முதலாவது பால் புரதத்தைச் சிதைத்துக் கிடைக்கும் அமினோ அமிலக் கலவை. இரண்டாவது ஓர் அமினோ அமிலம். இரண்டும் நெல் கேலஸுக்கு உதவுகின்றன, ஹார்மோனாக அல்ல, நைட்ரஜனாக.

நைட்ரஜன் என்று வந்துவிட்டதால், நெல்லின் இரு பெரும் பிரிவுகளைப் பற்றிய 'ஜப்பானிகா வளரும், இண்டிகா வளராது' என்ற பழைய நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஐ.ஆர். 64 போன்ற பல இண்டிகா ரகங்கள் முரண்டுபிடிப்பது உண்மைதான். ஆனால் ஜப்பானின் பெயர்பெற்ற ஜப்பானிகா ரகமான கோஷிஹிகாரியும் திசு வளர்ப்பில் மோசமாகவே நாற்றுவிடும். 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நைட்ரைட்டை அம்மோனியமாக மாற்றும் நைட்ரைட் ரிடக்டேஸ் நொதி கோஷிஹிகாரியில் குறைவு; நஞ்சான நைட்ரைட் கேலஸில் தேங்கிவிடுகிறது. நன்றாக நாற்றுவிடும் காசலத் ரகத்திலிருந்து அந்த நொதிக்கான மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்ததும் கோஷிஹிகாரி நாற்றுவிட்டது. காசலத் ஓர் இண்டிகா! சிக்கல் அங்கே இருக்கும்போது கைனெடினை எவ்வளவு ஏற்றினாலும் என்ன ஆகும்? புகையிலைக்காக 1962-இல் உருவான எம்.எஸ். ஊடகத்தைவிட, நெல்லின் மகரந்தப்பை வளர்ப்புக்காகச் சீனாவில் 1975-இல் வெளியான, அம்மோனியம் குறைந்த என்6 ஊடகம் பல நெல் ரகங்களுக்கு ஒத்துப்போவதையும் சேர்த்துப் பாருங்கள். ஊக்கியில் கைவைக்கும் முன் உப்புகளைக் கவனிக்கவேண்டும்.

காசு செலவில்லாத ஒரு வழியையும் சொல்லவேண்டும். கேலஸை ஒன்றிரண்டு நாள் கிருமியற்ற வெறும் தட்டில் வடிதாள் மேல் வைத்து ஓரளவு உலரவிட்டால், பல இண்டிகா ரகங்களில் நாற்று கூடுகிறது. அகாரைச் சற்றுக் கூட்டி ஊடகத்தைக் கெட்டியாக்குவதும் உதவுகிறது. இதில் ஊக்கி எதுவுமே இல்லை.

ஊக்கியே சேர்த்தாலும், சேர்க்கும் முறையையும் கவனிக்கவேண்டும்: ஜிப்ரெலிக் அமிலம் என்ற ஊக்கி சூட்டில் சிதையும். அதை ஆட்டோகிளேவில் வைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று அளவைக் கூட்டுவது வீண். நுண்வடிகட்டியில் வடித்து, ஊடகம் ஆறியபின் சேர்க்கவேண்டும்.

வெளியே இருப்பவர்களின் பயம் வேறு: 2,4-டி களைக்கொல்லியாயிற்றே, அதில் வளர்த்த நெல் விஷம்தானே, மரபணு மாற்றம்தானே? வயலில் கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் கொல்லத் தெளிப்பது இதே பொருள்தான். ஆய்வகத்தில் இருப்பது லிட்டருக்கு 2 மில்லிகிராம். அந்த ஊடகத்திலிருந்து நாற்றை வெளியே எடுத்து மண்ணில் நட்டு, தலைமுறை தலைமுறையாக விதை எடுத்த பிறகே அது ரகமாகிறது. ஊக்கி வேற்று மரபணு எதையும் உள்ளே கொண்டுவருவதில்லை.

ஆனாலும் 'எந்த மாற்றமும் வராது' என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் சரியில்லை. நிப்பான்பாரே நெல்லில் டாஸ்17 என்ற இடம்பெயரும் மரபுக்கூறு சாதாரணமாக இரண்டு படிகளாகத் தூங்கிக் கிடக்கிறது. திசு வளர்ப்பில் அது விழித்துக்கொண்டு, தன்னைப் படியெடுத்து வேறு இடங்களில் செருகுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோச்சிகாவின் குழு 1996-இல் காட்டியது. கேலஸாக இருக்கும் காலம் நீள நீளப் படிகள் கூடுகின்றன. நாற்றானதும் மறுபடி அடங்கிவிடுகிறது. ஜப்பானியர்கள் இதையே பயன்படுத்திச் சுமார் 50,000 திடீர்மாற்ற வரிசைகளை உருவாக்கினார்கள். திடீர்மாற்றம் வேண்டாதவர்கள் கேலஸை மாதக்கணக்கில் ஊடகம் மாற்றி மாற்றி வைத்திருக்காமல், மணி திரண்டதும் நாற்றாக்கிவிடவேண்டும். அந்த நாற்றின் விதையை விதைத்து, வெளிறல், குட்டை, பதர் ஏதும் தலைகாட்டுகிறதா என்று அடுத்த தலைமுறையில் பார்த்த பிறகே அதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.