கருச்சிதைவும் கம்மமும்



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் ஒரு பெண்ணுக்குக் கரு அலசிப்போனால், யட்சி தீண்டினாள் என்று முன்னாளில் கூறினர். தம்மத்தைத் தழுவிய நம்மவரிற் சிலர், "அது அவள் முற்பிறவிக் கம்மம்" என்கின்றனர். சொல் மாறியதேயன்றிப் பழி நீங்கவில்லை. ஆதலின் இப்பாடம் வேண்டியதாயிற்று.

இராசகிருகத்து மூங்கில் வனத்தில் மோளியசீவகன் என்னும் பரிவிராசகன், இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்பாரின் கொள்கை குறித்துப் பகவானிடம் வினவினான். அது தவறான கொள்கை என்றார் பகவான். பித்தம், சிலேத்துமம், வாயு, பருவ மாறுதல் முதலிய எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். கம்ம விளைவு அவற்றுள் ஒன்றேயாம். சம்யுத்த நிகாயத்தில் இது உள்ளது.

மருத்துவ நூலும் இதற்கு இசைந்ததே. கருவுற்றதை அறிந்த பெண்கள் நூற்றுவரில் 10 முதல் 20 பேர் வரை கருவை இழக்கின்றனர். பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள். அவ்விழப்புகளில் ஏறத்தாழப் பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கை பிறழ்வதால் நேர்வன. அன்றாட வீட்டுவேலையாலோ பேருந்துப் பயணத்தாலோ கரு கலைவதில்லை. இழந்தவருள் மிகப் பலர் பின்னர் நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். மீண்டும் மீண்டும் கலைந்தால் சர்க்கரை நோய், தைராய்டுக் கோளாறு முதலியவற்றைச் சோதித்தறிதல் வேண்டும்.

இனி நம் கடமைகள் மூன்று.

முதலாவது: மிகுந்த உதிரப்போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல் கண்டால் நாட்டு மருந்தில் நாள் கடத்தாது, பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்க.

இரண்டாவது: ஓய்வளித்தல். நான் பஞ்சாலையில் உழைத்த நாளில், கருவிழந்த சகோதரி ஒருத்தி மூன்றாம் நாளே வேலைக்கு வந்து நின்றாள். 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச்சட்டம் அதற்கு 6 வார ஊதிய விடுப்பு வகுத்திருந்ததை அவளும் அறியாள், நாங்களும் அறியோம். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அவ்வுரிமை உண்டு. கேட்டுப் பெறுக.

மூன்றாவது: ஆறுதல். மகவை இழந்து வந்த கிசாகோதமியிடம், "நீ என்ன பாவம் செய்தாய்?" என்று பகவான் வினவவில்லை. சாவறியாத வீட்டிலிருந்து கடுகு கொணரச் சொன்னார். வீடுதோறும் சென்றவள், தன் துயர் தனக்கு மட்டும் உரியதன்று என உணர்ந்தாள். நம் ஊர்களிலோ கருவிழந்தோர் வாய் திறப்பதில்லை. ஆதலால் இன்று இழந்தவள் தான் ஒருத்தியே என்றெண்ணிக் குமைகிறாள். மூத்த தாய்மார்களே, அவளருகே அமர்ந்து, "எனக்கும் நேர்ந்தது, மகளே" என்று கூறுங்கள். கணவன்மாரே, அவளோடிருந்து அழ நாணாதீர்கள்.

சகல உயிர்களும் சுகமுறுக.